ஏழாவது கட்டத்தில் ஒரு கோடு

சாரத்து அரிகிருஷ்ணன் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொட்டவர் இல்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு இது லேசான காரியம் இல்லை. திரும்பின பக்கமெல்லாம் கடை. சம்பள நாளில் ஆலை வாசலிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பத்து பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். இவர் டீக்கடையில்கூட லைட்டாகப் போடச் சொல்லும் ரகம். அப்பேர்ப்பட்ட மனுஷனை அபினி தின்கிறவன் என்று ஊர் சொன்னது. சொல்ல வைத்தவன் நான். இதில் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அவர் குடிக்காததற்குக் காரணம் சாமியும் இல்லை, கொள்கையும் இல்லை. அவருடைய அப்பா அம்மாவாசைதான். ஊசுட்டேரிப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டியவர். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம், காலையில் மிளகளவு அபினியை உருட்டி வாயில் போட்டால்தான் கை வேலைக்கு வரும். அப்புறம் மிளகு சுண்டைக்காயாயிற்று. வீட்டில் இருந்த பித்தளை ஒவ்வொன்றாக வெளியே போனது, அம்மா காதில் இருந்த தோடும் போனது. எட்டு வயசில் அரிகிருஷ்ணன் அப்பாவைக் களத்துமேட்டிலிருந்து தூக்கி உட்கார வைத்து வாயைத் துடைத்துவிட்டிருக்கிறார். அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு உடனே கிரேனுக்கு கிரீஸ் வந்துவிட்டதா என்று கேட்டார்.

எழுபத்தொன்றில் பஞ்சாலையில் சேர்ந்தார். ஆலை நாலு மாசம் ஓடும், இரண்டு மாசம் மூடும். மூடின நாட்களில் மற்றவர்கள் கேட்டுக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், இவரும் உட்கார்ந்தார். ஆனால் மத்தியானத்துக்கு மேல் துறைமுகப் பாலத்துக்குப் போய் கிரேன் ஓட்டுகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டார். முதலில் விரட்டினார்கள், பிறகு சங்கிலி மாட்டச் சொன்னார்கள், கடைசியில் கைப்பிடியையே கொடுத்தார்கள். எழுபத்தொன்பதில் அவர் ஆலையை விட்டபோது துறைமுகத்தில் அவரைப்போல் சரக்கு இறக்க ஆள் இல்லை. தூக்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிவந்து கட்டியிருக்கிற கம்பியைக் கையால் தடவிப் பார்ப்பார். கட்டினவர்களுக்குக் கோபம் வரும். 'எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்பார்கள். 'உங்க மேல இருக்குது, கம்பி மேலதான் இல்ல' என்பார்.

எண்பத்துநாலில் கடலுக்குள் எண்ணெய் தேட வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி துறைமுகத்துக்குப் பக்கத்தில் யார்டு போட்டது. இரும்புக் குழாய்களைப் படகில் ஏற்ற அரிகிருஷ்ணனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அதே யார்டில் ஒரு சின்ன மருந்தறை. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, சனிக்கிழமை மட்டும் வரும் மெட்ராஸ் டாக்டர், மற்ற ஆறு நாளும் நான். தெய்வசிகாமணி, கம்பவுண்டர். பார்மசி டிப்ளமாவை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். நாட்டு மருந்து, கை வைத்தியம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் திமிரையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

எண்பத்தாறு மார்ச்சில் தலைமை ஆபீசிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உலகத்தின் வேறு எந்த மூலையிலோ அந்தக் கம்பெனியின் கப்பலில் ஒருத்தன் போதையில் எதையோ திருகிவிட்டானாம். அதனால் எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலாளிக்கும் சிறுநீர் பரிசோதனை. குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும். எழுபத்துநாலு பேருக்கு எழுபத்துநாலு குப்பி, எழுபத்துநாலு தாள். கூட ஒரு தாள்கூட இல்லை, எண்ணித்தான் அனுப்பியிருந்தான்.

அந்தத் தாளில் ஒன்பது கட்டங்கள். ஏழாவது கட்டத்தில், கடந்த ஏழு நாளில் இந்த ஆள் சாப்பிட்ட மருந்தோ வேறு எந்தத் தயாரிப்போ இருந்தால் எழுத வேண்டும். நம் ஆட்கள் தலைவலிக்கே மாத்திரை போடாதவர்கள், இதில் என்ன எழுதப் போகிறோம் என்று நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து எழுபத்துநாலு தாளிலும் ஏழாவது கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். எதுவும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். காலையில் வரிசை சீக்கிரம் நகரும் என்று எனக்கு ஒரே பெருமை.

அரிகிருஷ்ணன் நாற்பதாவது ஆளோ என்னவோ. கையில் பிளாஸ்க் வைத்திருந்தார். எனக்கு அன்றைக்கு ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"மருந்து ஏதாவது சாப்ட்டீங்களா?"

"மாத்திர ஒண்ணும் இல்ல சார். ஒரு வாரமா வயிறு செரியில்ல, போயிக்கினே இருக்குது. வீட்ல கஷாயம் போட்டுக் குடுக்கறா. மூணு வேளயும் குடிக்கறேன். எழுதிக்குங்க."

"எழுதிக்கிறேன்" என்றேன். அவர் என் மூக்கைப் பார்த்துவிட்டு பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றினார்.

"இந்தாங்க, சூடா குடிங்க. சுக்கு போட்டுருக்கா, சளிக்கும் நல்லது."

குடித்தேன். சுக்கு, ஓமம், மாதுளம்பழத் தோல் கொஞ்சம் துவர்ப்பாக. மூடியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி மணிகள் தங்கியிருந்தன. கசகசா. பேதிக்குக் கசகசா போடுவது எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு கைப்பிடி போட்டிருப்பாள் போல, அடி முழுக்க அதுதான். மூடியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் போனதும் தாளைப் பார்த்தேன். ஏழாவது கட்டத்தில் என் கோடு ஏற்கெனவே இருந்தது. அடித்துத் திருத்தினால் தாள் செல்லாது என்று கீழே அச்சடித்திருந்தான். வேறு தாளும் இல்லை. கஷாயம் ஒரு மருந்தா, அதை எழுதினால் சிங்கப்பூர்க்காரன் சிரிப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எழுபத்துமூன்று பேர் சுத்தம். ஒருத்தர் சிறுநீரில் அபினிச் சரக்கு. அரிகிருஷ்ணன்.

பேரைப் படித்தவுடனேயே அந்த மூடியின் அடி எனக்கு ஞாபகம் வந்தது. இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம், வந்தது. விசாரணை அன்றைக்குக் காலையில் என் காலேஜ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கசகசா, அபினிச் செடியின் விதை. காயின் பால் ஒட்டியிருப்பதால் அதிலும் கொஞ்சம் சரக்கு இருக்கலாம் என்று இரண்டு வரி. படித்து முடித்து, புத்தகத்தை அலமாரியில் பழைய இடத்திலேயே செருகினேன்.

விசாரணையை நடத்தியவர் மேனேஜர் இராமதாஸ். பக்கத்தில் யார்டுக்குத் தலைவரான வெள்ளைக்காரர் ஒருவர், அவருக்குத் தமிழ் தெரியாது. அரிகிருஷ்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அபினி எப்படி வந்தது என்று கேட்டபோது, தனக்குத் தெரியாது, ஒரு வாரம் கஷாயம் குடித்ததைத் தவிர வேறு எதுவும் வாயில் போடவில்லை என்றார்.

"கம்பவுண்டர் சாருகிட்ட அன்னிக்கே சொன்னேன் சார். அவரும் குடிச்சாரு."

இராமதாஸ் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"இதுல ஒண்ணும் எழுதலயே. சொன்னாரா?"

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். ஒரு தாளில் கோடு முன்னாலேயே போட்டது தெரிந்தால் எழுபத்துநாலு தாளும் குப்பை, நானும் குப்பை. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேனா, இல்லை வாய் தானாகச் சொல்லியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யோசித்தேன் என்றே வைத்துக்கொள்கிறேன், அதுதான் நியாயம்.

"இல்ல சார். எங்கிட்ட எதுவும் சொல்லல."

"மூடில ஊத்திக் குடுத்தேனே சார்" என்றார் அரிகிருஷ்ணன்.

"அன்னிக்கு நான் டீதான் குடிச்சேன்."

"செரி, கஷாயத்துல இந்த மாதிரி வருமா?" என்று கேட்டார் இராமதாஸ்.

"வராது சார்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

அரிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்கு முறைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கட்டியிருக்கிற கம்பியைத் தடவிப் பார்ப்பாரே, அப்படி நிதானமாகப் பார்த்தார். வேலை போயிற்று.

அதோடு முடிந்திருந்தால்கூட என் பாவம் ஒரு அளவோடு நின்றிருக்கும். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் அவர் மனைவி கமலவேணி நின்றுகொண்டிருந்தாள். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள், தோளில் அளவு நாடா அப்படியே தொங்கியது. புருஷனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"சார், நான் போட்ட கஷாயத்தாலதான் இப்பிடி ஆச்சா? நெசத்த சொல்லுங்க. நாந்தான் கெடுத்தேனா?"

அவள் கண்ணைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பின்னால் இராமதாஸ் வேறு வந்துகொண்டிருந்தார். "இல்லம்மா, கஷாயத்துல அதெல்லாம் வராது. உம்மேல ஒரு தப்பும் இல்ல, அழாத" என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். நான் அன்றைக்குச் சொன்ன பொய்களிலேயே கேவலமானது அதுதான் என்று புரிய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த மூன்று வருஷமும் நான் அவர்கள் வீடு இருந்த சாரம் வழியாகப் போகவில்லை. என் வீடு ரெட்டியார்பாளையத்தில். சைக்கிளில் ஊரையே சுற்றிக்கொண்டு போவேன். எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்று என் மனைவி பார்வதி கேட்டால் எரிந்து விழுவேன். வேலை நிரந்தரமாயிற்று. ஒன்றரை வருஷத்தில் கடலில் எண்ணெய் இல்லை என்று கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேனோ அந்த வேலையே காற்றில் போயிற்று.

எண்பத்தொன்பது மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்வதி அடம்பிடித்ததால் நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனோம். டிக்கெட் எடுத்து என்ஜின் படகில் ஏறி உட்கார்ந்து, படகு கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட்டுகிறவர் திரும்பினார். காக்கிச் சட்டை, தலையில் துண்டு, அரிகிருஷ்ணன். இறங்கி ஓட வழியில்லை, சுற்றிலும் தண்ணீர்.

"கம்பவுண்டர் சார், நல்லாருக்கீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பார்வதியும் மற்றவர்களும் மணல்திட்டில் இறங்கிப் போனார்கள். நான் படகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கயிற்றைக் கட்டிவிட்டு, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினது, செங்கல் லாரியில் போனது, அபினிக்காரனுக்கு யார் கிரேனைக் கொடுப்பார்கள் என்று துறைமுகத்தில் வாசலோடு அனுப்பினது, எல்லாம் சொன்னார். நான் வாயைத் திறக்க முயற்சி செய்தேன்.

"அரிகிருஷ்ணன், அன்னிக்கு விசாரணையில நான்..."

"அட வுடுங்க சார். நீங்க மறந்துட்டீங்க. அன்னிக்கு எழுவது பேரு வந்தாங்க, ஒவ்வொருத்தன் சொன்னதும் ஞாபகம் இருக்குமா? நானா இருந்தாலும் மறந்துருப்பேன்."

இதை அவர் மனசார நம்பினார். மூன்று வருஷமாக எனக்காக ஒரு சாக்கு யோசித்து வைத்திருந்திருக்கிறார். நானும் வெட்கமில்லாமல் அந்தச் சாக்கை வாங்கிக்கொண்டேன். ஆமாம், மறந்துதான் போச்சு என்று தலையாட்டினேன்.

"வேல போனதுகூட பெருசில்ல சார். வீட்லதான் நம்பல. கஷாயத்துல வராதுன்னு படிச்சவங்க சொல்லிட்டாங்க, அப்ப நீதான் தின்னுருக்கணும், உங்கப்பன் ரத்தம்தான உனக்குன்னு சொல்லிட்டா. இன்னி வரைக்கும் நான் வூட்டுக்குள்ள போனதும் சட்டைய கழட்டிக் குடுத்துடணும். பையத் தொழாவிப் பாத்துட்டுத்தான் சோறு போடுவா." இதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "எங்கப்பன கண்ணால பாத்தவன் சார் நானு" என்றார்.

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு சாரத்துக்குப் போனேன். அவர் படகுக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அதிலும் எனக்குத் தைரியம் கிடையாது. கமலவேணி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோடு போட்டதை, மூடியில் குடித்ததை, புத்தகத்தில் படித்ததை, உன்மேல் தப்பில்லை என்று அவளிடம் சொன்னதை. கசகசாவில் அது வரும் என்று சொன்னேன்.

அவள் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு ஜாக்கெட் கையை முழுக்கத் தைத்து முடித்தாள். நூலை வாயால் கடித்து அறுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்க அன்னிக்கு வராதுன்னு சொன்னதும் எனக்கு எம்மா சந்தோசம் தெரியுமா சார்? நம்ம மேல தப்பில்லன்னு. அந்தச் சந்தோசத்துலதான் அவரு மேல பழிய போட்டேன். என் வாயால அவங்கப்பன இழுத்துப் பேசிருக்கேன். அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. சட்டைய கழட்டிக் குடுத்துட்டு நிப்பாரு."

அவள் அழுதாள். நான் நின்றுகொண்டே இருந்தேன், அவள் உட்காரச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். கடைசியில், "சாயங்காலம் வந்து அவருகிட்டயும் சொல்லிடறேம்மா. காலுல வுழுந்தாலும் வுழுறேன்" என்றேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் அசைந்தது. சொல்லிவிடலாம், முடித்துவிடலாம் என்று இருந்தது.

"வேணாம்" என்றாள் அவள்.

"ஏம்மா?"

"நீங்க வந்து சொல்லித்தான் நான் நம்புனேன்னு அவருக்குத் தெரியக் கூடாது. அவரு சொன்னப்ப நம்பல, நீங்க சொன்னதும் நம்புறேன்னா, அதுல எனக்கும் அவருக்கும் நடுவுல இன்னா இருக்குது? நானா நம்புனேன்னு இருக்கட்டும். அது ஒண்ணாவது அவருக்குக் குடுக்கறேன். நீங்க இங்க வரவே இல்லண்ணே. அன்னிக்கு குடிச்சது டீதான். அப்பிடியே இருக்கட்டும்."

முதல்தடவையாக அண்ணே என்று சொன்னாள். என்னால் மறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் ஒப்புக்கொள்ளவும் போனவன், வாயைப் பூட்டிக்கொண்டு திரும்பினேன். அது எனக்கு வேண்டியதுதான்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அரிகிருஷ்ணன் வந்தார். நான் அவரைப் பார்த்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. சவரம் செய்து, திருநீறு பூசி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். கையில் பிளாஸ்க்.

"ஒரு விசயம் சொல்லணும்னு வந்தேன் சார். வீட்ல இப்பல்லாம் பையப் பாக்கறதில்ல. ஒரு நா சாயங்காலம் நான் சட்டைய கழட்டிக் குடுக்கறேன், போட்டுக்கோ, நீ தின்னுருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்னு சொன்னா. யாரும் சொல்லல சார் அவகிட்ட. யாருமே சொல்லல. தானா சொன்னா."

பிறகு பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். சுக்கு வாசனை கடை முழுக்க வந்தது.

"மறுபடியும் கஷாயம் போட்டுக் குடுக்கறா. அன்னிக்கு உங்களுக்கு ஊத்திக் குடுத்தேன்னு நான் சொன்னனே, நீங்க டீன்னு சொன்னீங்களே, இதுதான் சார் அது. குடிச்சிப் பாருங்க, ஞாபகம் வருதா?"

மூடியைக் கையில் வாங்கினேன். சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை, வருது என்று சொன்னால் போதும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன எதிர்பார்ப்பு ஒன்று அந்தக் கண்ணில் இருந்தது, எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. குடித்தேன். சுக்கு, ஓமம், அதே துவர்ப்பு. மூடியின் அடியில் வெள்ளை மணிகள் தங்கியிருந்தன.

"நல்லாருக்கு அரிகிருஷ்ணன்" என்றேன். "இப்பதான் மொத தடவையா குடிக்கிறேன்."